எந்தக் கண்ணாடி

பிப்ரவரி 24

அக்காவுக்கு,

எழுதியதற்கு முதலில் மன்னித்துவிடு. எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். போன் எடுக்க மாட்டாய் என்று தெரிந்தும் அடித்துப் பார்த்தேன். மணி அடித்து ஓய்ந்துபோனது. கடிதம் என்றால் தபால்காரர் உன் கையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

இந்த உறைக்குள் ஓர் அட்டைக் கண்ணாடி இருக்கிறது. வரும் மார்ச் ஒன்பதாம் தேதி காலையில் சூரிய கிரகணம். முழுதாக மறையாது, பாதிக்கு மேல் மறையும். நான் வேலை பார்க்கும் கல்லூரி ஆய்வகத்துக்கு இந்தக் கண்ணாடிகள் பெட்டி பெட்டியாக வந்திருக்கின்றன. மாணவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது என் வேலை. உனக்காக ஒன்றைக் கேட்டு வாங்கினேன். நான் ஒருவரிடம் வாய்விட்டுக் கேட்டு வாங்கினேன் என்றால் நீ நம்புவாயா? பேராசிரியர் அறை வாசலில் போய் நின்றேன், திரும்பி வந்தேன், மறுபடி போய் நின்றேன். கடைசியில் அவரே, "என்னம்மா வேணும்? நீ நிக்கிற நிலையைப் பார்த்து அந்தக் கதவே வாயைத் திறந்துடும் போலிருக்கே" என்றார். அதற்குப் பிறகுதான் எனக்குக் குரல் வந்தது.

பார்க்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் பவர் கண்ணாடியைக் கழற்ற வேண்டாம். தலையைக் குனிந்துகொண்டு, அதற்கு மேலேயே இந்த அட்டைக் கண்ணாடியை வைத்துக்கொள். பிறகு நிமிர்ந்து பார். இதைப் போட்டால் வீடு தெரியாது, மரம் தெரியாது, நீட்டிய கைகூடத் தெரியாது. சூரியன் மட்டும்தான் தெரியும். எடுக்கும்போதும் குனிந்துகொண்டுதான் எடுக்க வேண்டும். மேகம் லேசாக மூடியிருந்தாலும் இது இல்லாமல் அண்ணாந்து பார்க்காதே. கூசாமல் இருக்கும், அதனால் கண் ஏமாந்துவிடும். உள்ளே சுட்டுவிடும், ஆனால் துளிகூட வலிக்காது. வலித்திருந்தால் நாமே திரும்பிவிடுவோமே. ஓட்டையோ கீறலோ இருக்கிறதா என்று பல்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டேன். நல்ல கண்ணாடிதான்.

அன்று நடந்ததைப் பற்றி எழுத வரவில்லை. அம்மா போன பிறகு என்னைப் படிக்கவைத்தவள் நீ. உன் ஃபேக்டரி அலுவலகத்தில் எனக்காக ஒரு நாற்காலி சொல்லிவைத்தாய். "எங்க வீட்டுல முதல் டிகிரி சார்" என்று மேனேஜரிடம் நீ சொன்னபோது நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். இங்கே வேலைக்கு எழுதிப் போட்டிருந்ததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் பெட்டி கட்டிய பிறகுதான் உனக்குத் தெரிந்தது. வாசலில் நின்று, "இனிமே உன் முகத்துல முழிக்க மாட்டேன்" என்றாய். அதற்கும் நான் தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன்.

கோபம் அப்படியே இருக்கட்டும். கண்ணாடியை மட்டும் வாங்கிக்கொள்.

உன் தங்கை


மார்ச் 10

ஊமைக் கோட்டானுக்கு,

உன் கவர் வந்துச்சு. பிரிக்கல. அலமாரி மேல தூசி படிஞ்சுட்டுக் கிடக்கு. இனிமே கவர் கிவர் எதுவும் அனுப்பாதே.

படிச்சவங்களுக்கு மட்டும்தான் எல்லாம் தெரியும்னு நெனச்சுக்காதே, அதைச் சொல்லத்தான் எழுதுறேன். நேத்து கிரகணம் நாங்களும் பாத்தோம், ஃபேக்டரியில நின்னே பாத்தோம். மைக் சாரை உனக்குத் தெரியும்ல, தும்மல் வந்தாக்கூட மைக்குல தும்முற எங்க சூப்பர்வைசர். டீ நேரத்துல மைக்கைத் தட்டிட்டுச் சொன்னார்: "கிரகணம் ஆரம்பிச்சாச்சு. வெறும் கண்ணால யாரும் பாக்கக் கூடாது. கண்ணாடி இருக்கிறவங்க மட்டும் வெளியே போய்ப் பாக்கலாம். கண்ணாடி இல்லாதவங்க உள்ளேயே இருக்கணும்."

அவ்வளவுதான். மூக்குக் கண்ணாடிக்கு என் வாழ்க்கையில முதல் மரியாதை. "சோடாபுட்டி, சோடாபுட்டி"ன்னு கிண்டல் பண்ணுதுங்களே பொத்தான் தைக்கிற குட்டிங்க, அத்தனையும் ஜன்னலுக்கு உள்ள நின்னு எக்கி எக்கிப் பாக்குதுங்க. நாங்க கண்ணாடிக்காரிங்க மட்டும் ராணி மாதிரி வெளியே நடந்து போறோம். ஒருத்தி கையைப் பிடிச்சுக்கிட்டா. "அக்கா, ஒரே ஒரு நிமிஷம் உன் கண்ணாடியைக் குடுக்கா, பாத்துட்டுத் தர்றேன்." நான் விடுவேனா? "போடி உள்ள, உன் பவருக்கு இது சேராது, கண்ணு கெட்டுப்போகும்"னு வெரட்டிவிட்டேன்.

காலர் தைக்கிறவ இருக்காளே, காலர் அக்கா, அவளும் கண்ணாடிக்காரி. ஒரு தடவை அண்ணாந்தா, தும்மல் வந்துச்சு, "இதுல என்னடி இருக்கு, டீ ஆறுது"ன்னு உள்ள போயிட்டா. நான்தான் டீ நேரம் முடியிற வரைக்கும் நின்னேன். லேசா மேகம் இருந்துச்சு, கண்ணு கூசவே இல்ல. கடிச்சு வச்ச பிஸ்கட் மாதிரி இருந்துச்சு சூரியன்.

சாயங்காலத்துல இருந்து கண்ணு நடுவுல ஒரு பொட்டு நிக்குது. பல்பை உத்துப் பாத்தா வருமே, அந்த மாதிரி. தூங்கி எழுந்தும் போகல. போயிடும்.

நீ அங்க நல்லா இருக்கியான்னு நான் கேக்கல.

அக்கா


மார்ச் 14

அக்கா,

உன் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். முதலில் சிரித்தேன். ராணி மாதிரி நடந்து போனோம் என்ற இடம் வரைக்கும் சிரித்தேன். அதற்குப் பிறகு படியில் உட்கார்ந்து, அந்த இடத்தை மறுபடி படித்தேன்.

அந்தக் கண்ணாடி வேறு, அக்கா. உன் மூக்கில் இருக்கும் கண்ணாடி வேறு. முகம் பார்ப்பதற்கும் கண்ணாடி என்கிறோம், ஜன்னலில் இருப்பதையும் கண்ணாடி என்கிறோம், நீ போட்டிருப்பதும் அதே பெயர்தான். கிரகணம் பார்க்கவென்றே செய்த கறுப்புக் கண்ணாடி இருப்பவர்கள் பார்க்கலாம் என்று எங்கோ சொல்லியிருப்பார்கள். உங்கள் மைக் சார் அதில் பாதியைக் காதில் வாங்கிக்கொண்டு வந்து சொல்லிவிட்டார். உன் பவர் கண்ணாடி எல்லாவற்றையும் தெளிவாகக் காட்டும். வெயிலை நிறுத்தாது. சூரியனையும் தெளிவாக்கி உன் கண்ணுக்குள்ளே இறக்கியிருக்கும்.

பொட்டு போய்விடும் என்று உட்கார்ந்திருக்காதே. இன்றைக்கே கண் டாக்டரிடம் போ. தேய்க்காதே. யாராவது சொட்டு மருந்து கொடுத்தால் வாங்கிப் போட்டுக்கொள்ளாதே. அலமாரி மேல் இருக்கும் உறையைப் பிரித்துப் பார். அதில் நான் எழுதி அனுப்பியிருந்தேன். அது உனக்குக் கிரகணத்துக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது என்பதை என்னால் தாங்கவே முடியவில்லை. உன் மேல் குறை சொல்லவில்லை. தாங்க முடியவில்லை என்றுதான் சொல்கிறேன்.

இங்கே அன்று விடிந்ததிலிருந்து மழை. சூரியன் தலையே காட்டவில்லை. மைதானத்தில் ஆளுக்கொரு அட்டைக் கண்ணாடியை வைத்துக்கொண்டு குடைக்குள் நின்றோம். நான் கிரகணத்தைப் பார்க்கவே இல்லை. கொடுத்தவற்றைத் திரும்ப வாங்கி, ஈரம் துடைத்து, பெட்டியில் அடுக்கினேன். அத்தனை கண்ணாடி இங்கே சும்மா கிடக்கிறது.

நிறைய எழுத வேண்டியிருந்ததால் பொடி எழுத்தில் எழுதிவிட்டேன். நான் கிளம்பி வரவா?

தங்கை


ஏப்ரல் 3

ஏய்,

உன் கடுதாசி வந்துச்சு. எறும்பு ஊர்ற மாதிரி எழுதியிருக்கே. எந்த எழுத்தைப் பாக்குறேனோ அது காணாமப் போகுது, பக்கத்துல இருக்கிறது நிக்குது. அதைப் பாக்கத் திரும்பினா அது போயிடுது. மேல "அக்கா"ன்னு போட்டது தெரிஞ்சுது. நடுவுல ஒரு இடத்துல "டாக்டர்". கடைசியில "வரவா". அவ்வளவுதான் படிச்சேன். காலர் அக்காகிட்ட குடுத்துப் படிக்கச் சொல்லலாம். மனசு வரல. நம்ம சண்டை நம்மளோட இருக்கட்டும்.

வராதே. வந்தா கதவைத் திறக்க மாட்டேன்.

ஒரு கூத்து சொல்றேன் கேளு. போன வாரம் வெள்ளைச் சட்டை லாட் வந்துச்சு. என்னைப் பருந்துன்னு கூப்பிடுவாங்கல்ல, தையல் விட்டதோ கறையோ என் செக்கிங் மேசையைத் தாண்டாது. முதல் சட்டையை விரிச்சேன், பாக்கெட்ல கறை. கறை இருக்கிற இடத்தைக் காட்டுற அம்பு ஸ்டிக்கரை ஒட்டினேன். ரெண்டாவது சட்டை, காலர்ல கறை. ஒட்டினேன். அதுக்கு அடுத்தது, கைப்பட்டியில. மேசையில இருந்த அத்தனை சட்டையிலயும் ஒட்டித் தள்ளிட்டேன். மைக் சார் ஓடி வந்தார்.

"எங்கம்மா கறை?"

"இதோ சார்."

"எங்க?"

"இதோ, விரலுக்குக் கீழ."

"விரலை எடு பாப்போம்."

எடுத்தேன். கறையும் நகர்ந்துச்சு. நான் எங்க பாக்குறேனோ அங்க வந்து உக்காருது. சார் சட்டையைப் பாத்தேன், அதுலயும் இருக்கு. சார் மூஞ்சியைப் பாத்தேன். மூஞ்சியே இல்ல. காது ரெண்டும் இருக்கு.

எல்லாரும் சிரிச்சாங்க. "பருந்துக்கு வயசாயிடுச்சுடி"ன்னு பொத்தான் குட்டிங்க. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன். ஒட்டினதையெல்லாம் உரிச்சு எடுக்கச் சொல்லிட்டுப் போனார். எங்க ஒட்டினேன்னு தெரியல. விரலால தடவித் தடவி எடுத்தேன்.

இதை யார்கிட்டயும் சொல்லல. உன்கிட்ட சொன்னா பரவாயில்ல. நீதான் யார்கிட்டயும் பேச மாட்டியே.

அக்கா


ஏப்ரல் 8

அக்கா,

ஸ்கெட்ச் பேனாவால் எழுதுகிறேன். ஒரு தாளுக்குக் கொஞ்சம்தான் பிடிக்கிறது. படிக்க முடிகிறதா?

டாக்டரிடம் போ. காலர் அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொள்.

"கண்ணாடி போட்டுப் பார்த்தேன்" என்று சொல்லாதே. "பவர் கண்ணாடியோடு சூரியனைப் பார்த்துவிட்டேன்" என்று சொல்.

இங்கே ஒரு கண் டாக்டரிடம் நானே போனேன். டோக்கன் கொடுக்கும் பெண் "பேஷண்ட் எங்கே?" என்று சத்தமாகக் கேட்டாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓடிவிடலாம் என்றிருந்தது. ஓடவில்லை.

சிலருக்குச் சில மாதங்களில் கொஞ்சம் தெளியும் என்றார். சிலருக்கு என்றுதான் சொன்னார். என்ன மருந்து என்று கேட்டேன். பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டார்.

அடுப்பிடம் கவனம். சாலையைக் கடக்கும்போது யார் கையையாவது பிடித்துக்கொள்.

தங்கை


செப்டம்பர் 20

ஊமைக் கோட்டானுக்கு,

உன் பெரிய எழுத்துக் கடுதாசி எல்லாம் வந்துச்சு. நான் பதில் போடல. கோவத்துல இல்ல. எழுத உக்காந்தா வரி மேல வரி ஏறிடுது. இதுவும் எப்படிப் போகுதோ, நீயே கண்டுபிடிச்சுப் படிச்சுக்க.

உன் எழுத்தை நானேதான் படிக்கிறேன். கோழி பாக்குமே, தலையைச் சாய்ச்சு ஒரு பக்கமா, அப்படி. ஒரு தாள் முடிக்கிறதுக்குள்ள கழுத்து வலிச்சிடுது. ஆனா நானேதான் படிக்கிறேன்.

டாக்டர்கிட்ட ஏப்ரல்லயே போனேன். உனக்கு எழுதல. உள்ள ஏதோ லைட் அடிச்சுப் பாத்துட்டு, "சூரியனைப் பாத்தீங்களாம்மா?"ன்னார். சொல்லாதேன்னு நீ எழுதியிருந்தது ஞாபகம் இருந்துச்சு, ஆனா வாயில அதுதான் வந்துச்சு. "கண்ணாடி போட்டுத்தான் சார் பாத்தேன்."

"எந்தக் கண்ணாடி?"

கையைத் தூக்கி மூக்கைக் காட்டினேன். பக்கத்துல காலர் அக்கா மூக்கை உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு. அந்த "எந்த"ங்கிற வார்த்தையை மைக் சார்கிட்ட நாங்க யாராவது ஒருத்தி கேட்டிருக்கலாம். யாருக்கும் தோணல. கண்ணாடி எல்லாருக்கும் தெரிஞ்ச வார்த்தை, அதுல கேக்க என்ன இருக்கு?

போன வாரம் மறுபடியும் வரச்சொல்லிப் பாத்தார். "இதுவரைக்கும் எவ்வளவு தெளிஞ்சிருக்கோ அவ்வளவுதாம்மா. இனிமே எதிர்பாக்காதீங்க"ன்னார். தெளிஞ்சதுன்னு எனக்கு ஒண்ணும் இல்ல.

வேலை போயிடுச்சு. முதல்ல நூல் வெட்டுற இடத்துக்கு மாத்தினாங்க. நூலோட சட்டையையும் வெட்டினேன். அப்புறம் மடிக்கிற இடம். அங்கயும் சைஸ் மாத்தி மாத்தி அடுக்கிட்டேன். ஒருநாள் மைக் சார் பக்கத்துல வந்து, மைக் இல்லாம, "கொஞ்ச நாள் வீட்டுல இரும்மா"ன்னார். அந்த ஆளுக்கு மெதுவாப் பேச வரும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. பாவம், அவரும் அன்னிக்கு வெளியே வரல. அவருக்குக் கண்ணாடி இல்லையே. என் மேசையில இப்ப யார் நிக்கிறா தெரியுமா? நான் வெரட்டிவிட்டேனே, அந்தக் குட்டி. நல்ல கண்ணுன்னு சொல்றாங்க. நல்லா இருக்கட்டும்.

உன் கவரைப் பிரிச்சேன். அட்டைக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன். ஒண்ணுமே தெரியல, குகைக்குள்ள நிக்கிற மாதிரி இருட்டு. கழட்டி மடியில வச்சுக்கிட்டேன்.

எதுக்குடி அவ்வளவு நேரம் பாத்தேன்னு காலர் அக்கா கேட்டுக்கிட்டே இருக்கா. அவகிட்ட சொல்லல. உன்கிட்ட சொல்றேன். நீ அங்க இந்த மாதிரி விஷயத்துலதான் வேலை பாக்குறே, கண்டிப்பா இதைப் பாத்துட்டிருப்பேன்னு நெனச்சேன். உன் முகத்துல முழிக்க மாட்டேன்னு சொல்லியாச்சு, சொன்னது சொன்னதுதான். ஆனா நீ பாக்குறதை நானும் பாத்தா, அது முழிக்கிறதுல சேராதே. நம்ம ரெண்டு பேர் கண்ணும் இப்ப ஒரே இடத்துல இருக்குன்னு நெனச்சுக்கிட்டு நின்னேன். நேரம் போனது தெரியல.

நீ பாத்தே இல்ல? எப்படி இருந்துச்சுன்னு எழுது. நீ அதை எழுதவே இல்லையே.

வர்றேன் வர்றேன்னு ஒவ்வொரு கடுதாசியிலயும் எழுதுறே. வராதே. உன் போட்டோவை எடுத்துப் பாத்தேன். பின்னல் தெரியுது, காது தெரியுது, தோள்பட்டை தெரியுது. நடுவுல அந்தக் கறை. நேர்ல வந்து நின்னாலும் அதேதான். வந்து என்னத்தப் பண்ணப் போறே? வாசல்ல நின்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பலிச்சிடுச்சு.

அக்கா


அக்டோபர் 1

அக்கா,

நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், பார்த்தேன். நீ பார்த்த அதே நேரம். இங்கேயும் லேசாகத்தான் மேகம். கடித்து வைத்த பிஸ்கட் மாதிரிதான் இருந்தது. நீயும் பார்த்துக்கொண்டிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச்சில் பொடி எழுத்தில் ஒரு கடிதம் எழுதினேனே, அதைக் காலர் அக்காவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. கிழித்துப் போட்டுவிடு. அதில் உருப்படியாக எதுவும் இல்லை.

நீ சொல்வது சரி. நான் வந்து ஒன்றும் செய்ய முடியாது. உன் டாக்டர் சொன்னதை இங்கே இருப்பவரிடம் போய்ச் சொன்னேன். அவரும் அதையே சொன்னார். இந்த முறை டோக்கன் பெண் ஒன்றும் கேட்கவில்லை, என் முகம் அவளுக்குப் பழகிவிட்டது. சரியாகிவிடும் என்று உனக்கு எழுத எனக்கும் ஆசைதான். கை ஓடவில்லை. எழுதினாலும் நீ தலையைச் சாய்த்துப் படித்துவிட்டு, பொய் சொல்கிறாள் என்று சிரிப்பாய்.

நேற்று எல்லோரும் போன பிறகு ஒன்று செய்து பார்த்தேன். ஆய்வகத்தில் அமிலம் தெறிக்காமல் இருக்கப் போட்டுக்கொள்ளும் கண்ணாடி ஒன்று உண்டு. அதில் இரண்டு கண்ணுக்கும் நேராக, கறுப்புக் காகிதத்தை வட்டமாக வெட்டி ஒட்டினேன். போட்டுக்கொண்டு, கை கழுவும் இடத்தில் மாட்டியிருக்கும் கண்ணாடி முன்னால் நின்றேன். பின்னல் இருந்தது. காது இருந்தது. நான் இல்லை. இதைத்தான் என் அக்கா ஒவ்வொரு நாளும் பார்க்கிறாள் என்று நினைத்ததும் கழற்றிவிட நினைத்தேன். கழற்றாமல், தலையை மட்டும் கொஞ்சம் திருப்பி, பக்கத்துச் சுவரில் இருந்த சுவிட்சைப் பார்த்தேன். அப்போது ஓரத்தில் நான் வந்தேன். மூக்கும் முழியும் சரியாகப் பிடிபடவில்லை. வெளுத்துப்போன படம் மாதிரி இருந்தது. ஆனால் அது நான்தான். யார் பார்த்தாலும் நான்தான் என்று சொல்வார்கள்.

உன் கண் என்னுடைய காகிதம் மாதிரி இல்லை என்று தெரியும். என்னால் கழற்றி வைக்க முடிகிறது. உன்னால் முடியாது.

அக்கா, முதல் கடிதத்திலேயே ஒன்று கேட்க இருந்தேன். கேட்கத் தெரியாமல் கண்ணாடியைப் பற்றி எழுதி முடித்துவிட்டேன். அதற்குப் பிறகு எழுதிய கடிதங்களிலும் வரட்டுமா என்று கேட்டேனே தவிர, இதைக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். நீ என் முகத்தில் முழிக்க வேண்டாம். சொன்ன சொல் அப்படியே இருக்கட்டும். இந்த விடுமுறைக்கு வருகிறேன், கதவை மட்டும் திற. நான் பேசாமல் உள்ளே வந்து அலமாரிக்குப் பக்கத்தில் நிற்கிறேன். நீ என்னைப் பார்க்காதே, அலமாரியைப் பார். அலமாரியைப் பார்த்துக்கொண்டே, நான் இளைத்துப்போய்விட்டேன் என்று என்னை ஒரு தடவை திட்டு.